பயணிகள் குறைந்தார்கள், லாபம் 20 மடங்கைத் தாண்டியது: எமிரேட்ஸ் நிறுவனத்தின் கணக்கு சொல்வது என்ன?

2018-19 நிதியாண்டில் எமிரேட்ஸ் விமான நிறுவனம் 5 கோடியே 86 லட்சம் பேரை ஏற்றிச் சென்றது. ஆண்டு முடிவில் மிஞ்சிய லாபம் 87 கோடியே 10 லட்சம் திர்ஹாம். ஆறு ஆண்டுகள் கழித்து, 2024-25இல், பயணிகளின் எண்ணிக்கை 5 கோடியே 37 லட்சமாகக் குறைந்திருந்தது. வரி போக லாபமோ 1,910 கோடி திர்ஹாம். ஒரு பயணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், முதல் ஆண்டில் 15 திர்ஹாம்; இரண்டாவதில் 356 திர்ஹாம்.

டாலரில் சொன்னால் 4 டாலர் எங்கே, 97 டாலர் எங்கே! உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா, 2025ஆம் ஆண்டுக்குக் கணித்த சராசரி லாபம் பயணிக்கு ஏறக்குறைய 7 டாலர்தான். எமிரேட்ஸுக்கு உள்நாட்டுச் சேவை என்று எதுவும் கிடையாது. பறப்பதில் பெரும்பகுதி நீண்ட தூரம். ஒரு மணி நேரப் பயணத்தில் கிடைக்கும் லாபத்தையும் ஏழு மணி நேரப் பயணத்தில் கிடைக்கும் லாபத்தையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமில்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிதாகவே நிற்கிறது.

இரண்டு ஆண்டுகளிலும் நகரம் அதே துபாய். குழுமத் தலைவர் அதே ஷேக் அகமது பின் சயீத் அல் மக்தூம். விமான நிறுவனத்தை நடத்துபவர் அதே டிம் கிளார்க். விமானங்களும் பெரும்பாலும் அதே ராட்சத ஏ380, போயிங் 777 ரகங்கள். அவற்றின் எண்ணிக்கைகூட 270இலிருந்து 260ஆக இறங்கியிருந்தது. அப்படியானால் எது மாறியது? எமிரேட்ஸ் எப்படிச் சம்பாதிக்கிறது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்களான துபாயின் இருப்பிடம், அரசின் ஆதரவு, ஆடம்பர முதல் வகுப்பு எல்லாம் 2018-19லும் இருந்தவைதான். அந்த ஆண்டு 9,790 கோடி திர்ஹாம் வருவாயில் மிஞ்சியது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே விடையை வேறு இடத்தில் தேட வேண்டும். அதற்கு முன்னால் இந்த நிறுவனம் எதன்மேல் கட்டப்பட்டது என்பதைப் பார்த்துவிடுவோம்.

துபாயில் இறங்காதவர்களின் நிறுவனம்

1980களின் நடுவில், பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட கல்ஃப் ஏர், துபாய்க்கான சேவைகளைக் குறைத்தது. அடுத்தவர் தயவில் நகரத்தை வளர்க்க முடியாது என்று முடிவெடுத்த துபாய் ஆட்சியாளர் குடும்பம், டிநாட்டா என்ற விமான நிலையச் சேவை நிறுவனத்தை நடத்திவந்த மாரிஸ் ஃபிளானகனிடம் பொறுப்பைக் கொடுத்தது. தொடக்க முதலீடு 1 கோடி டாலர். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. அரச குடும்பத்தின் இரண்டு போயிங் 727 விமானங்களும் கூடவே வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் பிஐஏ நிறுவனத்திடமிருந்து ஒரு ஏர்பஸ் ஏ300, ஒரு போயிங் 737 குத்தகைக்கு எடுக்கப்பட்டன. 1985 அக்டோபர் 25 அன்று முதல் விமானம் கராச்சிக்குப் பறந்தது. மும்பையும் டெல்லியும் தொடக்க வழித்தடங்களிலேயே இடம்பெற்றன.

அன்றைய துபாயின் மக்கள்தொகை ஒரு பெரிய விமான நிறுவனத்துக்குப் போதாது. சொந்த ஊர்க்காரர்களை நம்பினால் சில விமானங்களோடு நின்றிருக்கும். எனவே துபாயில் வசிக்காத, துபாய்க்குப் போகவும் விரும்பாத மனிதர்களைத் துபாய் வழியாக அழைத்துச் செல்வதே நிறுவனத்தின் தொழிலாக ஆனது. சென்னையில் ஏறி மான்செஸ்டரில் இறங்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து மான்செஸ்டருக்கு நேரடி விமானம் கிடையாது. இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தின்படி சென்னை–துபாய். பிரிட்டனுக்கும் அமீரகத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தின்படி துபாய்–மான்செஸ்டர். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் தைத்துக் கொடுக்கிறது எமிரேட்ஸ். விமானத் துறையில் இதை ஆறாவது வான் உரிமை என்பார்கள்.

இந்தத் தையலின் கணக்கு வியக்க வைப்பது. ஒரு மையத்திலிருந்து 10 நகரங்களுக்குப் பறந்தால், அவற்றுக்கிடையே 45 ஜோடிகளை இணைக்கலாம். பதினோராவது நகரத்தைச் சேர்த்தால் ஜோடிகள் 55 ஆகின்றன. ஒரே ஒரு புதிய வழித்தடம் 10 புதிய சந்தைகளைத் திறக்கிறது. 100 நகரங்கள் இருக்கும்போது சேரும் அடுத்த நகரம் 100 சந்தைகளைத் திறக்கிறது. எமிரேட்ஸ் இன்று 140க்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் பறக்கிறது. எல்லா ஜோடிக்கும் பயணிகள் இருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து கொழும்புக்குத் துபாய் வழியாக யாரும் போவதில்லை. ஆனாலும் நியூகாசில், கிளாஸ்கோ, ஹாம்பர்க், லியோன், பொலோன்யா போன்ற இரண்டாம் வரிசை நகரங்களுக்கு ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஒரே இடைநிறுத்தத்தில் போக முடிவது இந்தக் கணக்கால்தான். லண்டனுக்கும் பிராங்பர்ட்டுக்கும் நேரடி விமானம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் அதிகம் கவனிக்காத ஊர்கள் அவை.

இணைப்பு வேலை செய்ய வேண்டுமானால் விமானங்கள் அலை அலையாக வந்து அலை அலையாகக் கிளம்ப வேண்டும். அதிகாலை இருட்டில் சென்னையில் ஏறுபவர் விடிந்தபின் துபாயின் மூன்றாம் முனையத்தில் இறங்குகிறார். ஏறக்குறைய அதே நேரத்தில் தெற்காசியாவின் பல நகரங்களிலிருந்தும் விமானங்கள் வந்து சேர்கின்றன. அடுத்த சில மணி நேரத்தில் ஐரோப்பாவுக்கான விமானங்கள் வரிசையாகக் கிளம்புகின்றன. நள்ளிரவைத் தாண்டிய பொழுதில் வேறு திசைகளுக்கு இன்னொரு அலை. பிராங்பர்ட்டில் 2011 முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை விமானம் இயக்கத் தடை இருக்கிறது. லண்டன் ஹீத்ரோவில் கடுமையான இரவுக் கட்டுப்பாடுகள். துபாயில் 24 மணி நேரமும் ஓடுபாதை திறந்திருக்கும். பல கோடி டாலர் மதிப்புள்ள விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் பணம். இரவில் பறக்க முடிகிற நிறுவனத்துக்கு அதே விமானம் கூடுதலாக உழைக்கிறது.

கடைசி இருக்கை யாருக்கு?

லாபம் உண்மையில் உருவாகும் இடம் ஒரு கணினி அறையில் இருக்கிறது. அங்கே விலை பேசப்படுவது விமானத்துக்கு அன்று; ஒவ்வொரு பயணியின் முழுப் பயணத்துக்கும்.

எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். சென்னை–துபாய் விமானத்தில் ஓர் இருக்கை மிச்சம். ஒருவர் துபாய் வரை போக 18,000 ரூபாய் தரத் தயார். இன்னொருவர் மான்செஸ்டர் வரை போக 45,000 ரூபாய் தரத் தயார். இருக்கையை யாருக்குக் கொடுப்பது? மான்செஸ்டர்காரருக்கு என்றுதான் முதலில் தோன்றும். துபாய்–மான்செஸ்டர் விமானத்தில் இடம் காலியாக இருந்தால் அதுவே சரி. வீணாகப் பறக்கவிருந்த ஓர் இருக்கைக்கும் சேர்த்து வருமானம் கிடைக்கிறது. அந்த விமானம் ஏறத்தாழ நிரம்பிவிட்டது, துபாயில் இருக்கும் ஒருவர் மான்செஸ்டருக்கு மட்டும் 35,000 ரூபாய் தருவார் என்றால்? அப்போது துபாய் பயணி ஒருவர், மான்செஸ்டர் பயணி ஒருவர் என்று தனித்தனியாக விற்றால் 53,000 ரூபாய். நம் சென்னைப் பயணிக்கு அன்று அந்தக் கட்டணத்தில் இடமில்லை என்று திரை சொல்லிவிடும்.

டிராவல் ஏஜென்டிடம் காலையில் கேட்ட விலை மாலையில் மாறுவதும், பக்கத்தில் இருக்கும் துபாய்க்குச் சில நாட்களில் ஐரோப்பாவுக்கு ஈடான கட்டணம் கேட்கப்படுவதும் இதனால்தான். ஓர் இருக்கையின் விலை, அந்த இருக்கை வேறு எங்கெல்லாம் இட்டுச்செல்லும் என்பதைப் பொறுத்தது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான விமானங்கள், ஆயிரக்கணக்கான ஜோடிகள், ஒவ்வொன்றிலும் பல கட்டண வகுப்புகள் என்ற அளவில் இந்த முடிவுகள் ஓயாமல் எடுக்கப்படுகின்றன. நேரடி வழித்தடத்தை மட்டும் ஓட்டும் நிறுவனத்துக்கு இவ்வளவு தெரிவுகள் கிடையாது.

ஆனால் இதே இடத்தில்தான் இந்தத் தொழிலின் பலவீனமும் இருக்கிறது. துபாய் வழியாகப் போகும் பயணி தோஹா வழியாகவும் போகலாம். அபுதாபி, இஸ்தான்புல் வழியாகவும் போகலாம். இடையில் மூன்று மணி நேரம் எங்கே உட்காருகிறோம் என்பதில் பெரும்பாலானோருக்குப் பற்று கிடையாது. நான்கு நிறுவனங்களின் விலையையும் ஒரே திரையில் பார்த்து, 2,000 ரூபாய் குறைந்த இடத்தில் வாங்குகிறார்கள். 2010களில் கத்தார் ஏர்வேஸ், அபுதாபியின் எத்திஹாட், துருக்கி ஏர்லைன்ஸ் எல்லாம் அதே பயணியைக் குறிவைத்து விமானங்களைக் குவித்தன. இருக்கைகள் பெருகின, கட்டணம் இறங்கியது. 2018-19இல் எரிபொருள் விலையும் ஏறியது. டாலரோடு கட்டப்பட்ட திர்ஹாம் வலுத்ததால், ரூபாயிலும் யூரோவிலும் வந்த வருமானம் துபாய்க்கு வந்து சேரும்போது சுருங்கியது. அதனால்தான் 5 கோடியே 86 லட்சம் பேரை ஏற்றியும் ஒரு சதவீதம்கூட மிஞ்சவில்லை. இணைப்புப் பயணி தன்னளவில் மெல்லிய லாபம் தருபவர் என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி.

இரண்டு கோடுகள் விலகிய கதை

2018-19இல் மொத்த வருவாயைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு 1,671 திர்ஹாம். செலவை அதே போல வகுத்தால் சுமார் 1,656. இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

2024-25இல் வருவாய் 12,790 கோடி திர்ஹாம். ஒருவருக்கு 2,382. வரிக்கு முந்தைய லாபமான 2,120 கோடியைக் கழித்தால் கிடைக்கும் செலவு ஒருவருக்குச் சுமார் 1,987. ஆறு ஆண்டுகளில் செலவு 20 சதவீதம் கூடியிருக்கிறது. உலகெங்கும் விலைவாசி ஏறிய காலத்தில் இது பெரிய உயர்வு ஆகாது. வருவாயோ 43 சதவீதம் கூடியிருக்கிறது. லாபம் முழுவதும் இந்த விலகலில்தான் இருக்கிறது. சரக்கு வருவாயால் வந்த மாயையோ என்று நினைக்கலாம். 1,310 கோடியிலிருந்து 1,610 கோடியாக உயர்ந்த சரக்கு வருவாயை இரண்டு ஆண்டுகளிலிருந்தும் நீக்கிவிட்டுப் பார்த்தாலும், ஒரு பயணிக்கான வருவாய் 40 சதவீதத்துக்கு மேல் கூடியே இருக்கிறது. விமானங்கள் முன்பைவிட நெரிசலாகப் பறந்தனவா என்றால் அதுவும் பெரிதாக இல்லை: இருக்கை நிரம்பும் விகிதம் 76.8இலிருந்து 78.9 சதவீதம் ஆனது, அவ்வளவுதான்.

எனவே லாபத்தைக் கொண்டுவந்தது விலை. அந்த விலையைக் கேட்க எமிரேட்ஸுக்கு எப்படித் துணிவு வந்தது என்பதே இந்த ஆய்வின் மையம்.

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச் 25 அன்று எமிரேட்ஸ் பயணிகள் சேவையை நிறுத்தியது. 2020-21இல் பயணிகள் வெறும் 66 லட்சம். நட்டம் 2,030 கோடி திர்ஹாம். துபாய் அரசு 1,130 கோடி திர்ஹாம் முதலீடு செய்து காப்பாற்றியது. அதே காலத்தில் உலகின் பல நிறுவனங்கள் ஒரு முடிவுக்கு வந்தன: இனி ராட்சத விமானங்களுக்கு எதிர்காலமில்லை. ஏர் பிரான்ஸ் தன் ஏ380கள் அனைத்துக்கும் 2020லேயே ஓய்வு கொடுத்தது. தாய் ஏர்வேஸும் மலேசியா ஏர்லைன்ஸும் அவற்றைக் கைவிட்டன. லுஃப்தான்சா நிறுத்திவைத்துவிட்டுப் பின்னர் சிலவற்றைத் திரும்ப எடுத்தது. ஏ380 உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஏர்பஸ் 2019 பிப்ரவரியிலேயே அறிவித்திருந்தது. எமிரேட்ஸ் தன் கொள்முதலை 162இலிருந்து 123ஆகக் குறைத்ததே அதற்கு உடனடிக் காரணம்.

ஆனால் அந்த 123ஐ எமிரேட்ஸ் விடவில்லை. பயணிகள் இல்லாத காலத்திலும் மீதமிருந்த விமானங்களைப் பெற்றுக்கொண்டது. உலகின் கடைசி ஏ380 2021 டிசம்பரில் எமிரேட்ஸின் கைக்கு வந்தது. அன்றைக்குப் பலருக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது.

பிறகு மக்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது உலகத்தில் இருக்கைகள் இல்லை. புதிய விமானங்களும் வரவில்லை. 787 ரக விமானங்களின் விநியோகத்தை 2021 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை போயிங் பெரும்பாலும் நிறுத்திவைத்திருந்தது. 2020இல் வர வேண்டிய 777எக்ஸ் 2025இலும் வந்து சேரவில்லை. எஞ்சின் கோளாறுகளாலும் உதிரிபாகத் தட்டுப்பாட்டாலும் பல நிறுவனங்களின் விமானங்கள் தரையில் நின்றன. துபாயிலோ ஏறக்குறைய 500 பேர் அமரும் விமானங்கள் தூசு தட்டிப் பறக்கத் தயாராக நின்றன. யாருக்கும் வேண்டாம் என்று ஆன விமானமே விலை சொல்லும் உரிமையை எமிரேட்ஸுக்குத் தந்தது. புதிய விமானங்கள் வராததால் அணியின் சராசரி வயது ஏறக்குறைய 6இலிருந்து 10 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. வயதான விமானம் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், பராமரிப்பும் கேட்கும். ஆனால் எரிபொருள் விலை தணிந்த ஆண்டில் அந்தச் சுமை தாங்கக்கூடியதாக இருந்தது; 2024-25இல் எமிரேட்ஸின் செலவில் எரிபொருளின் பங்கு 34இலிருந்து 31 சதவீதமாக இறங்கியது. துபாயில் எண்ணெய் கொட்டிக் கிடப்பதால் எரிபொருள் இலவசம்போல் கிடைக்கிறது என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். செலவில் மூன்றில் ஒரு பங்கை எரிபொருளுக்குக் கொடுக்கும் நிறுவனத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

போட்டியாளர்களும் சற்று விலகி நின்றார்கள். ஆலிடாலியா, ஏர் பெர்லின் போன்ற ஐரோப்பிய விமான நிறுவனங்களில் முதலீடு செய்து கையைச் சுட்டுக்கொண்ட எத்திஹாட் பல ஆண்டுகள் சுருங்கியே இருந்தது. 2022க்குப் பிறகு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதால், கிழக்காசியாவுக்குப் போகும் ஐரோப்பிய விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வளைகுடா நிறுவனங்களுக்கு அந்தத் தடையில்லை.

அதைவிட முக்கியமானது துபாய் நகரமே மாறியது. 2018இல் அங்கே தங்கிச் சென்ற வெளிநாட்டுப் பயணிகள் 1 கோடியே 59 லட்சம். 2024இல் 1 கோடியே 87 லட்சம். துபாயில் இறங்குபவரை தோஹாவும் இஸ்தான்புல்லும் பறித்துக்கொள்ள முடியாது. அவர் தரும் கட்டணம் இணைப்புப் பயணி தருவதைவிட உறுதியானது. முந்தைய உதாரணத்தில் 53,000 ரூபாய் பக்கம் தராசு சாய்வது இத்தகைய பயணிகள் கூடும்போதுதான்.

88 இருக்கைகளைக் கழற்றிய கணக்கு

எமிரேட்ஸ் ஏ380 என்றவுடன் எல்லோரும் பேசுவது முதல் வகுப்பின் குளியலறையையும் மேல்தளத்தின் மதுக்கூடத்தையும்தான். அவை பெயரைக் கொண்டுசேர்த்தன. பணத்தைக் கொண்டுசேர்க்கும் மாற்றம் கீழ்த்தளத்தின் முன்பகுதியில் நடந்தது. அங்கே இருந்த 88 எகானமி இருக்கைகளைக் கழற்றிவிட்டு, எகானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமி இருக்கைகள் 56ஐப் பொருத்தினார்கள். அதன் பின் அந்த விமானத்தில் முதல் வகுப்பில் 14, பிசினஸில் 76, பிரீமியம் எகானமியில் 56, எகானமியில் 338 என மொத்தம் 484 இருக்கைகள்.

88 இருக்கைகளின் இடத்தில் 56 என்றால், ஒவ்வொரு புதிய இருக்கையும் பழையதைவிட 57 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தால்தான் பழைய வருமானமே வரும். அதற்கு மேல் கிடைப்பதே ஆதாயம். வயதான பெற்றோரை அமெரிக்காவுக்கு அனுப்பும் பிள்ளைகள், பிசினஸ் வகுப்புக்கு அனுமதி தராத கம்பெனிகளின் ஊழியர்கள், காலை நீட்டி உட்காரக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் என்று இந்த வகுப்புக்கென ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் இதுவரை எகானமியில் உட்கார்ந்து எகானமிக் கட்டணமே கொடுத்துவந்தார்கள். 2022 நவம்பரில் துபாயில் எமிரேட்ஸின் சொந்தப் பொறியியல் பிரிவு தொடங்கிய இந்தப் புதுப்பிப்பு வேலை, படிப்படியாக விரிந்து 500 கோடி டாலர் திட்டமாகிவிட்டது. புது விமானம் வராத காலத்தில் பழைய விமானத்துக்குள்ளேயே விலையை உயர்த்திய முடிவு இது. ஏ380களை விடாமல் வைத்திருந்ததற்கு அடுத்தபடியாக இதையே நிர்வாகத்தின் சிறந்த முடிவாக நான் கருதுகிறேன்.

சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பயணிகளின் காலடியில், விமானத்தின் வயிற்றில் போகும் பெட்டிகளும் தனிச் சரக்கு விமானங்களும் சேர்ந்து 2024-25இல் வருவாயில் எட்டில் ஒரு பங்கைக் கொடுத்தன. 2020-21இல் அதே சரக்குதான் போக்குவரத்து வருவாயில் 60 சதவீதத்தைத் தந்து நிறுவனத்துக்கு மூச்சு கொடுத்தது. நல்ல காலத்தில் துணை வருமானம், கெட்ட காலத்தில் உயிர்நாடி.

அரசு எவ்வளவு, திறமை எவ்வளவு?

2015இல் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகிய மூன்று அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து, எமிரேட்ஸ், எத்திஹாட், கத்தார் ஏர்வேஸ் ஆகிய மூன்று வளைகுடா நிறுவனங்களும் பத்தாண்டுகளில் 4,200 கோடி டாலருக்கு மேல் அரசு உதவி பெற்றதாகக் குற்றம் சாட்டின. எமிரேட்ஸ் அதை அடியோடு மறுத்தது. பெருந்தொற்றுக் காலத்து 1,130 கோடி திர்ஹாம் வெளிப்படையான அரசுப் பணம். ஆனால் அந்த ஆண்டில் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களும் தத்தம் அரசுகளிடம் பெரும் உதவி பெற்றன. 2024-25இல் எமிரேட்ஸ் குழுமம் தன் உரிமையாளரான அரசு முதலீட்டு நிறுவனத்துக்கு 600 கோடி திர்ஹாம் பங்காதாயம் கொடுத்தது.

பணத்தைவிட ஆழமான உதவி வேறு. எமிரேட்ஸின் தலைவராக இருக்கும் அதே ஷேக் அகமதுதான் துபாய் விமான நிலைய நிறுவனத்துக்கும் தலைவர். நகரத்தின் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கும் தலைவர். முனையம் எங்கே வேண்டும், ஏ380களுக்கென்று தனி வாயில்கள் எத்தனை வேண்டும் என்பதற்கு விமான நிறுவனமும் விமான நிலையமும் ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியதில்லை. ஹீத்ரோவில் மூன்றாவது ஓடுபாதை பல பத்தாண்டுகளாகப் பேச்சிலேயே நிற்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

லாபத்தின் இன்னொரு ஊற்று உழைப்பு. அமீரகத்தில் தொழிற்சங்கத்துக்கு இடமில்லை; ஊழியர்களின் சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை. பல நாட்டு இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். நல்ல ஆண்டில் நன்றாகவே கிடைக்கிறது: 2024-25க்கு 22 வாரச் சம்பளம் போனஸ். கெட்ட ஆண்டில் கதை வேறு. 2020-21இல் குழுமத்தின் ஊழியர் எண்ணிக்கை 31 சதவீதம் குறைந்து 75,145 ஆனது. வேலை போனவர்களில் பெரும்பாலானோருக்கு விசாவும் அதோடு முடிந்தது. ஊருக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை. ஐரோப்பிய நிறுவனம் ஒன்றால் இவ்வளவு வேகமாகச் செலவைக் குறைத்திருக்க முடியாது. எமிரேட்ஸின் லாபத்தைப் பாராட்டுபவர்கள் இந்த வரியையும் கணக்கில் எழுதியே ஆக வேண்டும்.

இந்த முறையை வேறு ஊரில் நட்டு வளர்க்க முடியுமா என்பதற்கு இலங்கையில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1998இல் ஏர் லங்காவின் பங்குகளையும் பத்தாண்டு நிர்வாகப் பொறுப்பையும் எமிரேட்ஸ் பெற்றது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் என்ற பெயர் அப்போது வந்தது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத்தின் மீது நடந்த தாக்குதலில் பல பயணிகள் விமானங்கள் அழிந்தன. அதையும் தாண்டி நிறுவனம் நடந்தது. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பவிருந்த குடியரசுத் தலைவரின் குழுவுக்காக, ஏற்கெனவே டிக்கெட் வாங்கிய பயணிகளை இறக்கிவிட நிர்வாகம் மறுத்தது. நிறுவனத்தின் தலைமை நிர்வாகியான பீட்டர் ஹில்லின் பணி அனுமதியை அரசு ரத்து செய்தது. 2008இல் எமிரேட்ஸ் நிர்வாகத்திலிருந்து விலகியது. அதன் பின் ஆண்டுக்காண்டு குவிந்த நட்டம் இலங்கை மக்களின் தலையில் விழுந்தது. துபாயிலும் நிறுவனம் அரசுடையதே. ஆனால் அங்கே உரிமையாளர் கேட்பது பங்காதாயம். இங்கே உரிமையாளர் கேட்டது இருக்கை.

இந்தியாவின் கதவு

எமிரேட்ஸின் வளர்ச்சிக்கு மிகப் பெரிய தடை நம் பக்கத்தில் இருக்கிறது. 2014இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையே ஒவ்வொரு தரப்பும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள் மட்டுமே இயக்கலாம். எமிரேட்ஸ் இந்தியாவில் ஒன்பது நகரங்களுக்குப் பறக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை மட்டும். கூடுதலாக வாரத்துக்கு 50,000 இருக்கைகள் வேண்டும் என்று துபாய் கேட்டது. இந்திய அரசு மறுத்துவிட்டது. நம் பயணிகளை வைத்து அடுத்த நாட்டு விமான நிலையம் வளர்வதைவிட டெல்லியும் மும்பையும் இணைப்பு மையங்களாக வளரட்டும் என்பது அதன் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் கோவைக்காரரும் மதுரைக்காரரும் மேற்கே போக டெல்லி வரை வடக்கே ஏறி இறங்குவதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இருக்கைகளுக்கு உச்சவரம்பு இருப்பதால், இருக்கும் இருக்கைகளின் விலை ஏறுகிறது. எமிரேட்ஸைத் தடுக்க வைத்த வரம்பு, அதன் கட்டணத்துக்கு முட்டுக்கொடுக்கவும் செய்கிறது.

இந்த நிலை எவ்வளவு காலம் நீடிக்கும்? எல்லா முட்டைகளும் ஒரே விமான நிலையத்தில் இருப்பதன் ஆபத்தை 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழை காட்டியது. ஓடுபாதை நீரில் மிதந்தது. எமிரேட்ஸ் ஏறக்குறைய 400 விமானங்களை ரத்து செய்தது. டிம் கிளார்க் பயணிகளிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். ஆனால் மழை சில நாட்களில் வடிந்துவிடும். விலையை மெதுவாக அரிக்கக்கூடியது வேறு. ஏர் இந்தியா 2023இல் 470 விமானங்களுக்கு ஒப்பந்தம் அறிவித்தது. இண்டிகோ ஏ350களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. அவை வரும்வரை காத்திராமல், குத்தகை விமானங்களை வைத்து 2025 ஜூலையில் மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கு நேரடிச் சேவையைத் தொடங்கிவிட்டது. எத்திஹாட் மீண்டும் வளர்கிறது. போயிங்கும் ஏர்பஸும் என்றாவது ஒருநாள் தாமதத்தைச் சரிசெய்துவிடும்; அன்றைக்கு எமிரேட்ஸுக்கு மட்டுமல்லாமல் எல்லோருக்கும் இருக்கைகள் வந்து சேரும்.

அப்போது என்ன நடக்கும் என்பதை 2024-25 எண்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம். ஒரு பயணிக்கான வருவாய் 2,382 திர்ஹாம். போட்டியால் அது 15 சதவீதம் மட்டும் இறங்குகிறது, செலவு மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் 2,025 திர்ஹாம். செலவு 1,987. மிஞ்சுவது 38 திர்ஹாம்.